அப்பாவுக்குக் குதிகால் மெலனோமா (ஒரு வகை தோல் புற்றுநோய்), நுரையீரலுக்குப் போயிருச்சு. ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, யாராவது விளக்குங்க

கொள்ளிடக்கரை (திங்கள், இரவு 11.40)

வணக்கம். ஒரு வருஷமா இங்க படிக்க மட்டும்தான் வருவேன். எழுதறது இதான் முதல் தடவை. தப்பான பகுதியில போட்டிருந்தா நிர்வாகி மாத்திடுங்க.

அப்பாவுக்கு 66 வயசு. 12 வருஷமா சர்க்கரை. இடது குதிகால்ல கறுப்பா ஒரு புள்ளி வந்தப்ப கால் ஆணின்னு நினைச்சு, மருந்துக்கடையில கார்ன் கேப் வாங்கி மாத்தி மாத்தி ஒட்டிக்கிட்டார். அப்படியே ஒரு வருஷம் ஓடிச்சு. அப்புறம் ஒரு கிளினிக்ல சூடு வச்சாங்க. புண் ஆறல. சர்க்கரைப் புண்ணுன்னு சொல்லி இன்னொரு ஆறு மாசம் கட்டு மாத்தினோம். கடைசியில ஒரு சர்ஜன் பார்த்த உடனே முகம் மாறி, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். மெலனோமா. குதிகால்ல ஆபரேஷன், தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டி, இடுப்பு மடிப்புல நெறிக்கட்டியையும் எடுத்தாங்க. இதெல்லாம் போன வருஷம்.

இப்ப பெட் ஸ்கேன்ல ரெண்டு நுரையீரல்லயும் சின்னச் சின்னதா, கல்லீரல்ல ரெண்டு இடத்துல. ஆன்காலஜி டாக்டர் "இதுக்கு கீமோ பெருசா கேக்காது, முதல்ல ஜீன் டெஸ்ட் பண்ணுவோம், ரிசல்ட்டைப் பார்த்துத்தான் மருந்து"ன்னு சொல்லிட்டார். எங்க பரம்பரையில யாருக்கும் இது இல்ல, அப்புறம் எதுக்கு ஜீன் டெஸ்ட்? அப்பா வாழ்நாள் முழுக்க பேங்க் கவுண்டர்ல உக்காந்தவர், வெயில்ல நின்னதே இல்ல. ஒண்ணும் புரியல.

நுண்ணோக்கி_மேசை (செவ்வாய், காலை 6.55)

நான் பேத்தாலஜி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் அல்ல. தெரிந்த அளவு சொல்கிறேன்.

முதலில் வெயில். வெள்ளைத்தோல்காரர்களுக்கு வரும் மெலனோமாவுக்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருவது வேறு வகை. அதற்கு ஆக்ரல் மெலனோமா என்று பெயர், வெயிலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நம்மைப்போல மாநிறம், கறுப்பு நிறக்காரர்களுக்கு மெலனோமா வருவதே அரிது. வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும். பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது, 1981இல் 36 வயதில் இறந்தார். கால்பந்தில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்பாவின் கார்ன் கேப் கதையும் அதே ரகம்தான், உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து ஜீன். நீங்கள் நினைப்பது பரம்பரை ஜீன். டாக்டர் கேட்பது கட்டிக்குள் மட்டும் நடந்திருக்கும் பிழையை. அது உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ வராது. மெலனோமாவில் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: பிராஃப், என்ராஸ், கிட். பிராஃப் என்ற புரதத்தின் 600ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டும். அங்கே குளுட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டால் வி600இ. காலிங் பெல் பட்டன் அமுங்கி உள்ளேயே சிக்கிக்கொண்டால் மணி விடாமல் அடிக்குமே, அதுபோல "வளர், வளர்" என்று செல்லுக்கு உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். 2002இல்தான் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வுக்கூடக்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளைக்காரர்களின் தோல் மெலனோமாவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது இருக்கும். ஆக்ரல் வகையில் குறைவு, பத்துக்கு ஒன்றிரண்டு. கிட் பிழை அந்த வகையில் ஓரளவு கூடுதல்.

உங்களுக்கு இப்போது வேலை ஒன்றுதான். போன வருட ஆபரேஷனின் பாரஃபின் ப்ளாக் (மெழுகில் புதைத்த சதைத்துண்டு) எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஸ்லைடை மட்டும் கொடுத்து அனுப்பினால் மறுபடி போய்க் கேளுங்கள், ப்ளாக்தான் வேண்டும்.

ஒரு தொழில் ரகசியம்: மெலனின் நிறமி, ஜீன் டெஸ்ட் செய்யும் பிசிஆர் வினையையே கெடுக்கும். ரொம்பக் கறுப்பான கட்டியில் டெஸ்ட் "ஃபெயில்" என்று வரலாம். அது "பிழை இல்லை" என்ற பொருள் அல்ல. நிறமியைக் கழுவித் திரும்பச் செய்யலாம், அல்லது விஇ1 என்ற சாயச் சோதனையில் ஓரிரு நாளில் வி600இ உண்டா என்று பார்க்கலாம். ரிப்போர்ட்டில் "இன்வேலிட்" என்றால் "நெகட்டிவ்" என்று படித்துவிடாதீர்கள்.

கறிவேப்பிலை (செவ்வாய், காலை 8.20)

சகோதரி, பயப்பட வேண்டாம். கருஞ்சீரகமும் வேப்பங்கொழுந்தும் அரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் 48 நாள். எங்கள் ஊரில் ஒருவருக்கு மொத்தமாகக் கரைந்துவிட்டது. இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் காலி பண்ணும்.

மாத்திரைக்காரன் (செவ்வாய், காலை 9.05)

கறிவேப்பிலை அண்ணே, ஊர்க்காரருக்குக் கரைந்தது எது? பயாப்சி ரிப்போர்ட் இருந்தால் போடுங்கள், படிக்கிறேன். இல்லையென்றால் இந்த இழையில் வேண்டாம்.

கொள்ளிடக்கரை, நான் மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கிறேன். வீட்டில் யார் எந்தச் சூரணம் கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பிராஃப் பிழைக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல கல்லீரல் நொதிகள் வழியாகக் கழிகின்றன. அந்த நொதிகளைக் கூட்டும் குறைக்கும் எதுவும் உடம்பில் மருந்தின் அளவை மாற்றிவிடும்.

கறிவேப்பிலை (செவ்வாய், காலை 9.31)

நல்லது சொன்னால் ஏன் கோபம்.

தெற்குச்சிலுவை (செவ்வாய், பிற்பகல் 2.15)

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இருக்கிறது மெல்பேர்ண். இஞ்ச புற்றுநோய் வார்டில 14 வருசமா நேர்ஸ். உலகத்திலயே மெலனோமா ஆகக் கூடின நாடுகளில ஒண்டு இது, எங்கட வார்டில இது சளி காய்ச்சல் மாதிரி. 2024இல "ஆஸ்திரேலியர் ஆஃப் த இயர்" விருதே மெலனோமா வைத்தியர் ரெண்டு பேருக்குத்தான் குடுத்தவை, ஜோர்ஜினா லோங், ரிச்சர்ட் ஸ்கோலியர். உங்கட அப்பாவுக்குச் சரிவந்தால் குடுக்கப்போற குளிசை (மாத்திரை) சோடியின்ர பெரிய ஆய்வுகளை முன்னுக்கு நிண்டு நடத்தினவ அந்த லோங் தான்.

நான் வேலைக்கு வந்த புதிசில டகார்பசீன் எண்ட கீமோ மட்டும்தான். 1975இல அனுமதி வந்த மருந்து. 35 வருசத்துக்கு மேல அதைவிட நல்லது ஒண்டும் இல்லை. ஏத்துவம், சத்தி எடுப்பினம், ஸ்கேன் பாப்பம், கட்டி வளந்திருக்கும். 2011இல வெமுராஃபெனிப் எண்ட பிராஃப் குளிசை வந்தது. கட்டில்ல படுத்தபடி வந்தவர் ரெண்டு கிழமையில நடந்து வந்து எனக்குச் சொக்லேட் தந்தவர். அதைக் கண்ட ஆக்களுக்குத்தான் விளங்கும்.

டெஸ்டைக் கட்டாயம் செய்யுங்கோ. முடிவு வந்த உடன இஞ்ச எழுதுங்கோ.

எண்கணக்கு (செவ்வாய், மாலை 6.48)

அக்கா, அந்தச் சாக்லேட் மனிதர் எத்தனை மாதம் இருந்தார்?

தெற்குச்சிலுவை (செவ்வாய், இரவு 7.30)

எட்டு மாசம்.

எண்கணக்கு (செவ்வாய், இரவு 8.02)

மன்னிக்கவும், குத்திக்காட்டக் கேட்கவில்லை. என் தம்பிக்கு 2016இல் இதே மருந்து. முதல் ஆறு வாரத்தில் கழுத்துக் கட்டி கையில் தட்டுப்படாமல் போனது. நாங்கள் வீட்டுக் கடனை எப்போது அடைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டோம். ஒன்பதாம் மாதம் மூளையில் வந்தது.

2011இல் ஒரு மருத்துவ இதழில் வந்த மூன்று படங்கள் உண்டு. 38 வயது மனிதர், மார்பும் முதுகும் முழுக்கத் தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாக. 15 வாரம் மாத்திரை: எல்லாம் மறைந்து சுத்தமான உடம்பு. 23ஆம் வாரம்: அதே இடங்களில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. என் தம்பியின் டாக்டர் முதல் இரண்டு படத்தை மட்டும் காட்டினார்.

மாத்திரை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். கொள்ளிடக்கரை, மூன்றாவது படத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாத்திரைக்காரன் (செவ்வாய், இரவு 10.10)

எண்கணக்கு சொல்வது அந்த ஒற்றை மருந்துக் காலத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. இடையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெமுராஃபெனிப் என்ற பெயரே ஒரு வாய்பாடு. வி-இ 600, மியூட்டேட்டட், பிராஃப், இன்ஹிபிட்டர் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி ஒட்டியது. 675 பேர் சேர்ந்த ஆய்வில் ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரைப் பக்கம் 84 சதவீதம், டகார்பசீன் பக்கம் 64. கட்டி கணிசமாகச் சுருங்கியது 48 சதவீதம் பேருக்கு, கீமோவில் 5. ஆனால் நோய் திரும்ப வளராமல் நின்ற இடைக்காலம் 5.3 மாதம்தான்.

ஏன்? பிராஃபை அடைத்தால் புற்றுநோய் பக்கத்துச் சந்து வழியாகப் போய் அதே தெருவில் கீழே ஏறிவிடும். அந்தக் கீழ்க்கட்டத்தின் பெயர் மெக். அங்கேயும் ஒரு பூட்டுப் போட்டால்? டப்ராஃபெனிப் பிராஃபுக்கு, டிராமெடினிப் மெக்குக்கு. அமெரிக்காவில் 2013 மே மாதம் தனித்தனியாக அனுமதி, 2014 ஜனவரியில் சோடியாக. இதில் ஒரு விநோதமும் உண்டு. பிராஃப் மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பிழை இல்லாத நல்ல தோல் செல்களில் அது வளர்ச்சியைத் தூண்டிவிடும். வெமுராஃபெனிப் சாப்பிட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அருகில் வேறொரு சின்னத் தோல் புற்று கிளம்பியது. மெக் மருந்தைச் சேர்த்ததும் அது பெருமளவு அடங்கிவிட்டது. மருந்தைக் கூட்டினால் பக்கவிளைவு கூடும் என்பதுதான் எங்கள் பாடம். இங்கே ஒரு பக்கவிளைவு குறைந்தது.

சோடி மருந்து எடுத்த 563 பேரை ஐந்து வருடம் பார்த்த கணக்கு 2019இல் வந்தது. ஐந்து வருட முடிவில் உயிரோடு 34 சதவீதம். நோய் வளராமலே இருந்தவர்கள் 19 சதவீதம்.

எண்கணக்கு (செவ்வாய், இரவு 10.41)

அதே கணக்கை இன்னும் பிரித்துப் படியுங்கள். எல்டிஹெச் (நோயின் பளுவைக் காட்டும் ரத்த நொதி) இயல்பாக இருந்தவர்களில் 43 சதவீதம், கூடியிருந்தவர்களில் 16. சராசரியைக் காட்டி ஆறுதல் சொல்லாதீர்கள். அவர் அப்பாவின் எல்டிஹெச் என்ன என்று முதலில் கேளுங்கள்.

மாத்திரைக்காரன் (செவ்வாய், இரவு 10.44)

ஒப்புக்கொள்கிறேன்.

பெரியம்மா_பிள்ளை (புதன், காலை 7.12)

எங்க பெரியம்மாவுக்கும் கால்ல வந்ததுதான், கட்டைவிரல் நகம். பிராஃப் நெகட்டிவ், கிட் பாசிட்டிவ். அதுக்கு டாக்டர் குடுத்தது இமாடினிப். ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கறாங்களே, அதே மாத்திரை. 13 மாசமா சாப்பிடறாங்க. கட்டி பாதியாச்சு, அப்படியே நிக்குது. கண்ணு கீழ வீக்கம், அடிக்கடி கால் குரக்களி. அவ்ளோதான். எல்லாருக்கும் கேக்காதாம். சீனாவுல 2011ல பண்ண ஆய்வுல 43 பேர்ல 10 பேருக்குத்தான் சுருங்கிச்சுன்னு டாக்டரே சொன்னார்.

முக்கியமா விலை. இமாடினிப் நம்ம நாட்டுல ஜெனரிக்கா சல்லிசா கெடைக்குது. காரணம் யாருக்காவது தெரியுமா?

மாத்திரைக்காரன் (புதன், காலை 9.20)

இது என் பேவரிட் கதை, இழை திசைமாறினாலும் சொல்லிவிடுகிறேன். நோவார்ட்டிஸ் இமாடினிபின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டது. 2006இல் நிராகரித்தது நம்ம சென்னை காப்புரிமை அலுவலகம். சட்டப் பிரிவு 3(டி)யே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது, 2007இல் தள்ளுபடி. கடைசியில் 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. பழைய மருந்தில் சின்ன மாற்றம் செய்தால் பலன் கூடியிருப்பதை நிரூபிக்க வேண்டும், அதுதான் 3(டி)யின் சாரம். பெரியம்மாவின் மாத்திரைச் சீட்டுக்குப் பின்னால் கிண்டி, பாரிமுனை எல்லாம் இருக்கிறது.

டப்ராஃபெனிப், டிராமெடினிபுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாதச் செலவு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய பாறை. கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம், இன்சூரன்ஸ், மருத்துவமனைச் சமூகப் பணியாளர் எல்லாவற்றையும் முதல் சீட்டு வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்தும்படி ஆகிவிடக்கூடாது. வாட்ஸ்அப்பில் "பாதி விலை, கூரியரில்" என்று வருபவனை நம்பவே நம்பாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று என்னாலும் சொல்ல முடியாது.

உப்புமா_ரசிகர் (புதன், பிற்பகல் 1.05)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கு மூக்கு ஓரத்தில் பேசல் செல் கார்சினோமா. ரொம்ப நாள் விட்டுவிட்டோம், கண்குழி வரை போய்விட்டது, ஆபரேஷன் முடியாது என்கிறார்கள். இதே மாத்திரை அவருக்குக் கேட்குமா?

நுண்ணோக்கி_மேசை (புதன், பிற்பகல் 3.30)

கேட்காது. தோல் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. பேசல் செல்லில் கெட்டுப்போயிருப்பது ஹெட்ஜ்ஹாக் என்ற வேறு பாதை. அதற்கு விஸ்மோடெஜிப் (2012), சோனிடெஜிப் (2015) என்று வேறு மருந்துகள். தசைப்பிடிப்பு, நாக்கில் ருசி போவது, முடி கொட்டுவது மூன்றும் அநேகமாக வரும். கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது.

அந்தத் தடையின் கதை ஆட்டு மந்தையில் தொடங்குகிறது. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. சினை ஆடுகள் 14ஆம் நாள் ஒரு காட்டுச் செடியைத் தின்றதுதான் காரணம் என்று வருடக்கணக்கில் மேய்ப்பர்களோடு இருந்து கண்டுபிடித்தார்கள். செடியில் இருந்த நஞ்சுக்கு சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். அது ஹெட்ஜ்ஹாக் பாதையை அடைக்கிறது என்று புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. குட்டியின் முகத்தை உருவாக்கும் அதே பாதைதான் மாமியாரின் மூக்கோரத்தில் கட்டுமீறி ஓடுகிறது. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

கொள்ளிடக்கரை (19 நாள் கழித்து, சனி, காலை 10.15)

எல்லாருக்கும் நன்றி. ப்ளாக் வாங்கவே ஒன்பது நாள் ஆச்சு. முதல் லேப்ல "இன்வேலிட்"னு வந்துச்சு. நுண்ணோக்கி அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து விஇ1 கேட்டோம். பாசிட்டிவ். திரும்ப பிசிஆர் பண்ணினதுலயும் பிராஃப் வி600இ.

மூளை எம்ஆர்ஐ சுத்தம். எல்டிஹெச் கொஞ்சம் கூட. இப்ப குழப்பமே வேற. ஒரு டாக்டர் மாத்திரை ஆரம்பிக்கலாம்கிறார். செகண்ட் ஒப்பீனியன் குடுத்தவர் முதல்ல இம்யூனோதெரபி ஊசி, அது கேக்கலன்னா மாத்திரைங்கிறார். ரெண்டு பேருமே நல்ல டாக்டர்ங்கதான். பணத்துக்காக சொல்றாங்களான்னு தம்பி கேக்கறான்.

தெற்குச்சிலுவை (சனி, பிற்பகல் 12.40)

காசுக்காக இல்லை தங்கச்சி, ரெண்டு பேர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. ட்ரீம்செக் எண்டு ஒரு ஆய்வு. பிராஃப் பிழை இருக்கிற 265 பேரை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு இபிலிமுமாப், நிவோலுமாப் ரெண்டு ஊசியும் முதல்ல, மற்றப் பக்கத்துக்கு குளிசை முதல்ல. நோய் கூடினால் பக்கம் மாத்துறது. ரெண்டு வருசத்தில ஊசி முதல் எடுத்தவையில 71.8 வீதம் உயிரோட, குளிசை முதல் எடுத்தவையில 51.5. அதுக்குப் பிறகு இஞ்ச பெரும்பாலும் ஊசிதான் முதல்.

ஊசி ஏன் எண்டால், குளிசை நிப்பாட்டினால் வேலையும் நிண்டுபோம். ஊசி எங்கட நோயெதிர்ப்புச் செல்லுக்குப் பழக்கம் காட்டிவிடும், கேட்ட ஆக்களுக்கு வருசக்கணக்கா நிக்கும். ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல 90 வயசில ஈரலிலயும் மூளையிலயும் இருந்தது, பெம்ப்ரோலிசுமாப் ஊசியோட வேற சிகிச்சையும் குடுத்தவை. 100 வயசு வரைக்கும் இருந்தவர்.

எண்கணக்கு (சனி, பிற்பகல் 2.20)

இப்போது நான் மாத்திரைக் கட்சி, ஆச்சரியப்படாதீர்கள். ட்ரீம்செக் வரைபடத்தை உற்றுப் பாருங்கள். முதல் பத்து மாதம் வரை மாத்திரைக் கோடுதான் மேலே. அதற்குப் பிறகுதான் ஊசிக் கோடு முந்துகிறது. நோய் வேகமாக ஓடுபவர்களுக்கு ஊசி பிடிக்கும்வரை காத்திருக்க நேரம் இல்லை. தவிர அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெயில் மெலனோமாக்காரர்கள். ஆக்ரல் வகைக்கு ஊசி அந்த அளவு கேட்பதில்லை. வெயில் அடித்த கட்டியில் ஜீன் பிழைகள் ஏராளம், நோயெதிர்ப்புக்கு அடையாளம் காண எளிது. குதிகால் கட்டியில் பிழைகள் குறைவு.

மெல்பர்ன் வார்டின் எண்ணை ஸ்ரீரங்கத்துக் குதிகாலுக்கு அப்படியே வைக்க முடியாது, அவ்வளவுதான்.

தெற்குச்சிலுவை (சனி, பிற்பகல் 3.05)

அது உண்மை. என்ர வார்டில ஆக்ரல் வருசத்துக்கு ஒண்டு ரெண்டுதான் காணுறன். அப்பா இப்ப எப்பிடி இருக்கிறார்? நடக்கிறாரா, சாப்பிடுறாரா? அதையும் பாத்துத்தான் முடிவெடுப்பினம்.

கொள்ளிடக்கரை (சனி, இரவு 9.50)

ஒரு மாசத்துல 7 கிலோ இறங்கிட்டார். மாடிப்படி ஏறினா இரைக்குது. கல்லீரல் ரிப்போர்ட்டும் ஏறிட்டே இருக்கு. முதல் டாக்டர் சொன்ன காரணமும் இதுதான், "முதல்ல தீயை அணைப்போம், அப்புறம் ஊசியைப் பத்தி யோசிப்போம்". எண்கணக்கு அண்ணா, நீங்க எழுதினதை அப்படியே பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் கேட்டேன். டாக்டர் சிரிச்சிட்டு "யாரு இவரு, எங்க வேலை பாக்கிறாரு"ன்னார்.

திங்கட்கிழமை மாத்திரை ஆரம்பிக்கிறோம். உதவித் திட்டத்துல பெயர் குடுத்திருக்கோம்.

எண்கணக்கு (சனி, இரவு 10.30)

மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு என்று சொல்லுங்கள்.

மாத்திரைக்காரன் (ஞாயிறு, காலை 8.00)

ஆரம்பிக்கும் முன் சில விஷயம், பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். டப்ராஃபெனிப் 150 மில்லிகிராம் காலை இரவு இரண்டு வேளை, டிராமெடினிப் 2 மில்லிகிராம் ஒரு வேளை என்பது வழக்கமான அளவு. டாக்டர் எழுதியது வேறாக இருந்தால் டாக்டர் எழுதியதுதான். வெறும் வயிறு: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. அப்பாவுக்குக் காலை 6 மணி காபி உண்டு என்றால் மாத்திரையை 5க்கு வைக்க வேண்டும், காபியை நிறுத்தச் சொன்னால் சண்டைதான் வரும். வேளை தவறிவிட்டால், அடுத்த டப்ராஃபெனிபுக்கு 6 மணி நேரத்துக்குள் இருந்தால் தவறியதை விட்டுவிடுங்கள். டிராமெடினிபுக்கு அது 12 மணி நேரம். இரட்டிப்பு வேண்டவே வேண்டாம்.

டப்ராஃபெனிப் சர்க்கரையை ஏற்றும். வீட்டில் குளுக்கோமீட்டர் தினமும். இருதய எக்கோ ஆரம்பத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. டிராமெடினிப் இருதயத்தின் பம்பு வேகத்தைக் குறைக்கலாம். கண் மங்கினால் அன்றைக்கே கண் டாக்டர், "கண்ணாடி பவர் மாறியிருக்கும்" என்று விடாதீர்கள்.

பெரிய தொல்லை காய்ச்சல். பாதிப் பேருக்கு மேல் வரும். அதை வைரல் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு புற்றுநோய் மாத்திரையையும் தொடர்வதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. 100.4 டிகிரி தொட்டால் என்ன செய்வது என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். இப்போதைய வழக்கம் இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனதும் அதே அளவில் திரும்ப ஆரம்பிப்பது.

கொள்ளிடக்கரை (26 நாள் கழித்து, வெள்ளி, அதிகாலை 3.20)

102. நடுக்கம். போர்வை மூணு போட்டும் பல்லு தந்தியடிக்குது. மாத்திரை நிறுத்திட்டேன். டாக்டர் போன் எடுக்கல. யாராவது முழிச்சிருக்கீங்களா?

தெற்குச்சிலுவை (வெள்ளி, அதிகாலை 3.27)

இஞ்ச காலமை, முழிச்சுத்தான் இருக்கிறன். நிப்பாட்டினது சரி. பாராசிட்டமால் குடுங்கோ, தண்ணி, கஞ்சி குடுங்கோ. பிரசர் பாக்க மெசின் இருக்கா? தலைசுத்து, மயக்கம், சலம் போறது குறையிறது, கதை குழறுறது, மூச்சு வாங்கிறது ஏதாவது இருந்தால் விடியுமட்டும் பாத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கோ. தொற்றும் இருக்கலாம், அதால ரத்தம் சோதிக்கத்தான் வேணும். எண்டாலும் இது மருந்துக் காய்ச்சலா இருக்கத்தான் சந்தர்ப்பம் கூட.

கொள்ளிடக்கரை (வெள்ளி, அதிகாலை 3.41)

பிரஷர் 118/74. பேசறார். "உப்புப் போட்ட கஞ்சியா போடாத கஞ்சியா"ன்னு கேக்கறார்.

தெற்குச்சிலுவை (வெள்ளி, அதிகாலை 3.43)

அப்ப பரவாயில்லை.

கொள்ளிடக்கரை (மூன்று நாள் கழித்து, திங்கள், மாலை 5.30)

ரத்தத்துல தொற்று இல்ல. சனிக்கிழமை காய்ச்சல் விட்டுச்சு, நேத்து மறுபடி ஆரம்பிச்சோம். டாக்டர் கூப்பிட்டு, நிறுத்தினது சரின்னு சொன்னார். சர்க்கரை 280 போனதால சர்க்கரை மாத்திரை ஒண்ணு கூட்டியிருக்கார். முகத்துல பரு மாதிரி வந்திருக்கு, அப்பா "66 வயசுல இளமை திரும்புது"ங்கிறார்.

கறிவேப்பிலை (திங்கள், மாலை 6.10)

சீக்கிரம் குணமாகட்டும். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

கொள்ளிடக்கரை (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 4.00)

முதல் ஸ்கேன். நுரையீரல்ல இருந்ததுல பாதிக்கு மேல காணோம், மிச்சமும் சின்னதாயிருச்சு. கல்லீரல்ல ஒண்ணு போயிருச்சு, இன்னொண்ணு 4.1லேர்ந்து 1.6 சென்டிமீட்டர். எல்டிஹெச் நார்மல். 3 கிலோ ஏறியிருக்கார். இது ரெண்டாவது படம்னு எனக்குத் தெரியும், எண்கணக்கு அண்ணா. டாக்டரும் அதைத்தான் சொன்னார்: உடம்பு இப்படித் தெம்பா இருக்கும்போதே ஊசிக்கு மாறலாமான்னு அடுத்த ஸ்கேனுக்குள்ள பேசி முடிவெடுக்கலாம்னு. அதுக்கான ஆதாரம் இன்னும் திடமா இல்லன்னும் அவரே சொல்லிட்டார். வீட்டுக் கடன் பத்தி நாங்க இன்னும் பேசல.

ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் உடம்பு பூரா தோல் பரிசோதனை இருக்கு. அதைப் பார்த்துட்டு அப்பா ஒரு புது வேலை ஆரம்பிச்சிருக்கார். திண்ணையில உக்காந்துக்கிட்டு தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டு செருப்பைக் கழட்டச் சொல்லி உள்ளங்காலைப் பாக்கறார். பால்காரர், கேஸ் சிலிண்டர் பையன், எதிர்வீட்டு மாமி யாரையும் விடல. இதுவரைக்கும் ரெண்டு கால் ஆணி, ஒரு மருதாணிக் கறை.

இப்ப கேள்வி. வைகாசியில குலதெய்வம் கோயிலுக்கு மூணு நாள் போகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். டாக்டர் சரின்னுட்டார். டிராமெடினிப் பாட்டில் பிரிட்ஜ்ல வைக்கணும்னு போட்டிருக்கு. ரயில்ல அஞ்சு மணி நேரம், அங்க தங்கற வீட்டுல பிரிட்ஜ் இருக்கான்னு தெரியல. மாத்திரைகளை மட்டும் எண்ணி டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போகலாமா?

மாத்திரைக்காரன் (ஞாயிறு, மாலை 6.25)

டப்பா வேண்டாம். அது ஈரமும் வெளிச்சமும் படக்கூடாத மருந்து, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு அசல் பாட்டிலாகவே போகட்டும். திறந்த பாட்டில் 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் 30 நாள் வரை வெளியில் தாங்கும். ஆனால் வைகாசியில் நம்ம ஊர் ரயிலில் 30 டிகிரிக்கு எங்கே போவது? இன்சுலின் கொண்டுபோகும் குளிர்பை ஒன்று வாங்குங்கள், ஐஸ் பாட்டிலைத் தொடாமல் நடுவில் ஒரு துணி. டப்ராஃபெனிபுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கைப்பையிலேயே வரட்டும். குளுக்கோமீட்டர், தெர்மாமீட்டர், காய்ச்சல் சீட்டு மூன்றும் அதே பையில்.

பொங்கல், பூசைப் பிரசாதம் எது கொடுத்தாலும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாயில். அதை அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கொள்ளிடக்கரை (ஞாயிறு, மாலை 6.40)

சொல்லிட்டேன். பூசாரிக்கிட்ட நேரத்தை மாத்தச் சொல்லிப் பேசிக்கிட்டு இருக்கார்.